பல மொழித் தளம் வைத்து உள்ளூர்த் தேடலில் மேலே வருவது எப்படி

உங்கள் தொழில் ஓர் ஊரை நம்பி நடக்கிறது, அந்த ஊரில் இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் இணையதளம் மட்டும் ஒரே மொழியில் நிற்கிறது என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். பல் மருத்துவமனை, டிரைவிங் ஸ்கூல், வக்கீல் அலுவலகம், ஏசி ரிப்பேர், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளத்தை எட்டு மொழியில் போட்டால் கூகுள் மேப்ஸில் முதலிடம் நிச்சயம் என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், அப்படி எதுவும் நடக்காது.

நடப்பது வேறு. உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கு நீங்கள் எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். இதில் தூரத்தை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மீதி இரண்டில்தான் பல மொழித் தளத்துக்கு வேலை இருக்கிறது. ஒருவர் தன் மொழியில் 'வேர் சிகிச்சை' என்று தேடும்போது அந்தச் சொற்கள் உங்கள் தளத்தில் எங்கேயுமே இல்லை என்றால், பொருத்தம் என்ற கணக்கில் நீங்கள் பின்தங்கித்தான் இருப்பீர்கள். அதே மொழியில் எழுதும் தளங்களும் உள்ளூர் ஆட்களும் உங்களுக்கு இணைப்பு கொடுக்க, ரிவ்யூ எழுத ஆரம்பித்தால் பிரபலம் கூடும். அப்புறம் இன்னொன்று: ஆங்கிலத்தில் ஒரே தேடலுக்கு நாற்பது தளங்கள் முட்டி மோதும் இடத்தில், மற்ற மொழிகளில் பெரும்பாலும் நாலைந்து தளங்கள்தான் ஒழுங்காக எழுதியிருக்கும். பல மொழித் தளத்தின் உண்மையான லாபம் இந்தக் குறைந்த போட்டிதான்.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. மேப்போடு வரும் மூன்று பெயர்ப் பெட்டியில் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். அதற்குக் கீழே வரும் சாதாரண இணைப்புகளில் முதலில் தெரியும். அதனால் கீழே இருப்பதை முதலில் குறிவையுங்கள்.

எந்த மொழி, எத்தனை பக்கம்

ஆர்வக் கோளாறில் எல்லா மொழியையும் தொடாதீர்கள். ஒரே ஒரு மொழி. எது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, தடயம் உங்களிடமே இருக்கிறது. போனில் கூப்பிடுகிறவர்கள் எந்த மொழியில் பேச ஆரம்பிக்கிறார்கள், ரிவ்யூ எந்த மொழியில் வந்திருக்கிறது, அனலிட்டிக்ஸில் (தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கருவி) வருகிறவர்களின் பிரவுசர் மொழி என்ன, சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி) வேறு மொழிச் சொற்களுக்கு உங்கள் தளம் எங்கேயாவது தலைகாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிக நம்பகமானது, ஏனென்றால் அந்த மொழியில் ஒரு வரி கூட எழுதாமலே நீங்கள் தேடலில் வருகிறீர்கள் என்றால் அங்கே காலி இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

மொழி முடிவானதும் முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டாம். முகப்பு, அதிகம் வருமானம் தரும் மூன்று நான்கு சேவைகள், தொடர்பு கொள்ளும் பக்கம், வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள், இவ்வளவு போதும். ஆனால் இவற்றைத் தலைப்பிலிருந்து அடிக்குறிப்பு வரைக்கும், படத்தின் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் மறைவான வரி), படிவத்தில் உள்ள 'அனுப்பு' பட்டன், அனுப்பிய பிறகு வரும் நன்றிச் செய்தி உட்பட முழுசாகச் செய்யுங்கள். மெனுவும் அடிக்குறிப்பும் மட்டும் ஒரு மொழி, நடுவில் இருக்கும் விஷயம் எல்லாம் பழைய ஆங்கிலம் என்று பல தளங்கள் இருக்கின்றன. கூகுள் ஒரு பக்கத்தின் மொழியை அதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கோடில் மொழியைக் குறித்து வைப்பதையோ யூஆர்எல்லையோ அது நம்புவதில்லை. பாதிப் பாதியாக இருந்தால் அதற்கும் குழப்பம், படிக்கிறவருக்கும் குழப்பம்.

ஆட்கள் உண்மையில் என்ன தட்டுகிறார்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆங்கிலக் கீவேர்ட் (தேடும் சொற்கள்) பட்டியலை அப்படியே பெயர்த்தால் அகராதித் தமிழோ அகராதி ஹிந்தியோ வரும், அதை யாரும் தேட மாட்டார்கள். லத்தீன் எழுத்து அல்லாத பல மொழிகளில் தேடல் மூன்று வழியில் வருகிறது. சொந்த எழுத்தில் தட்டுகிறவர்கள் ஒரு பக்கம், தன் மொழியை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம், ஆங்கிலச் சொல்லையும் தன் மொழியையும் கலந்து தட்டுகிறவர்கள் மூன்றாவது. கிரேக்கம், அரபு, தமிழ் எல்லாவற்றிலும் இதே கதைதான். குரலில் தேடுகிறவர்கள் நீளமான முழு வாக்கியமாகவே கேட்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுளில் அந்த மொழியில் இரண்டு எழுத்துத் தட்டிவிட்டு அதுவே நீட்டிக் காட்டும் சொற்களைப் பாருங்கள். பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களைப் பாருங்கள். கீவேர்ட் பிளானரில் (எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கருவி) மொழியையும் ஊரையும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள், ஆனால் சின்ன மொழிகளுக்கு அதில் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் மனம் தளர வேண்டாம், சிறிய எண்களை அது சரியாகக் காட்டாது. இதையெல்லாம் விட நல்ல வழி, வரவேற்பில் உட்கார்ந்திருப்பவரிடம் 'என்ன வார்த்தை சொல்லிக் கேட்கிறார்கள்' என்று ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்வது.

அந்தச் சொற்களைப் பக்கத்தில் எப்படிப் போடுவது என்பதில் ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் விஷயம் தமிழ் எழுத்தில், டைட்டில் (தேடல் முடிவில் இணைப்பாகத் தெரியும் தலைப்பு) மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் என்று வைக்காதீர்கள். பக்கத்தின் முக்கிய மொழி அல்லது எழுத்து ஒன்று, டைட்டில் வேறொன்று என்று இருந்தால் அந்த டைட்டிலைத் தானே மாற்றிக் காட்டும் முறையைக் கூகுள் 2022 ஜூனில் கொண்டுவந்தது. நீங்கள் யோசித்து யோசித்து வைத்த தலைப்பு தேடலில் வேறு மாதிரி தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். டைட்டில் பக்கத்தின் எழுத்திலேயே இருக்கட்டும். மக்கள் வழக்கில் உள்ள ஆங்கிலச் சொல்லை அந்த மொழியின் எழுத்தில் எழுதுங்கள், 'ரூட் கெனால்' என்று சொல்கிறார்கள் என்றால் அதுவும் இருக்கட்டும், 'வேர் சிகிச்சை'யும் இருக்கட்டும். ஊர்ப் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும் மொழிகளில் உருபோடும் உருபில்லாமலும் இயல்பாக வரும்படி எழுதினால் போதும், ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயரைத் திணிக்க வேண்டாம், படிக்கவே எரிச்சலாக இருக்கும்.

மொழிபெயர்ப்பு

இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. அதன் பிறகு அந்த மொழியைப் பேசி வளர்ந்த ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஆயிரம் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு அப்படியே வெளியிடுவது இப்போது ஆபத்து. தேடலில் ஏறுவதற்காகவே பயனில்லாத பக்கங்களை மொத்த மொத்தமாக உருவாக்குவதைக் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பாம் விதிகளில் தனிக் குற்றமாகச் சேர்த்தது. எப்படி உருவாக்கினீர்கள் என்பது அதற்குக் கவலையில்லை, பயனில்லாததை மொத்தமாகக் கொட்டினால் பிரச்சினைதான்.

பக்கத்தின் மூலையில் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியை ஒட்டிவிட்டு 'எங்கள் தளம் இருபது மொழியில்' என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பார்வையாளரின் பிரவுசரில் அந்த நேரத்தில் நடக்கும் மாற்றம். அதற்கென்று தனி யூஆர்எல் கிடையாது, அதனால் தேடலில் ஏறாது. வருகிறவருக்கு உதவலாம், ரேங்குக்கு உதவாது.

ஒரே விஷயம் இரண்டு மொழியில் இருந்தால் டூப்ளிகேட் என்று தண்டனை கிடைக்குமோ என்ற பயமும் வேண்டாம். ஒழுங்காக மொழிபெயர்த்த பக்கத்தைக் கூகுள் நகலாக எடுத்துக்கொள்வதில்லை.

முகவரி அமைப்பு

ஒவ்வொரு மொழிக்கும் தனி யூஆர்எல் வேண்டும், இதில் பேரமே இல்லை. குக்கீயை (பிரவுசரில் தளம் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பு) வைத்து ஒரே முகவரியில் மொழியை மாற்றிக் காட்டினால் கூகுளுக்கு ஒரு மொழிதான் தெரியும். தனி டொமைன், சப்டொமைன், ஃபோல்டர் என்று மூன்று வழி இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு தொழில் நடத்துகிறவருக்கு என் சிபாரிசு ஃபோல்டர்தான், அதாவது டொமைன் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு மொழிக் குறியீடு. டொமைன் ஒன்றே, பராமரிப்பு ஒன்றே, வெளியிலிருந்து வரும் இணைப்புகளின் பலனும் ஒரே தளத்துக்குச் சேரும். தனி டொமைன் என்பது நாடு விட்டு நாடு தொழில் செய்கிறவர்களுக்கு.

யூஆர்எல்லின் மீதிப் பகுதியை அந்த மொழியின் எழுத்திலேயே வைக்கலாமா? கூகுளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒரு வேடிக்கை நடக்கும்: தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியும் 3 பைட், அது சதவீதக் குறி போட்ட வடிவத்துக்கு மாறும்போது 9 எழுத்தாகிவிடும். 'கடை' என்ற சின்னச் சொல் கூட 27 எழுத்து நீளத்துக்குப் போய்விடும். மெசேஜில் பார்த்தால் ஏதோ வைரஸ் லிங்க் போல இருக்கும். அதனால் சின்னதாக ஆங்கில எழுத்தில் வைத்தாலே நல்லது என்பது என் கருத்து.

வருகிறவரின் ஐபியையோ பிரவுசர் மொழியையோ பார்த்துத் தானாக வேறு பக்கத்துக்கு ரீடைரெக்ட் செய்யாதீர்கள். தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வருகிறது, எந்த மொழி வேண்டும் என்ற தகவலையும் அனுப்புவதில்லை. நீங்கள் அதை ஒவ்வொரு முறையும் ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் மற்றப் பக்கங்களை அது எப்படிப் பார்க்கும்? ரீடைரெக்டுக்குப் பதில் மேலே ஒரு சின்னப் பட்டையில் 'இந்தப் பக்கம் உங்கள் மொழியிலும் இருக்கிறது' என்று காட்டுங்கள். மொழி மாற்றும் இணைப்பு உண்மையான இணைப்பாக இருக்கட்டும். அழுத்தினால் அதே பக்கத்தின் மறு வடிவத்துக்குப் போக வேண்டும், முகப்புக்குத் துரத்தக் கூடாது. மொழியின் பெயரை அந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். கொடிப் படம் வேண்டாம், ஒரு மொழி பல நாட்டிலும் ஒரு நாட்டில் பல மொழியும் இருக்கிறது.

எச்ரெஃப்லாங்

தேடுபொறிக்காகத் தளத்தில் எழுதி வைக்கும் hreflang என்ற குறிப்பு இது, 2011 டிசம்பரில் கூகுள் அறிமுகம் செய்தது. 'இந்தப் பக்கத்துக்கு இந்த மொழியில் இந்த முகவரியில் ஒரு வடிவம் இருக்கிறது' என்று சொல்வதுதான் அதன் வேலை. ரேங்கை ஏற்றாது. ஏற்கெனவே நீங்கள் தேடலில் வரும் இடத்தில் சரியான மொழிப் பக்கத்தைக் காட்ட உதவும், அவ்வளவுதான். ஆனாலும் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் தமிழில் தேடுகிறவருக்கு ஆங்கிலப் பக்கம் போய் நிற்கும், அவர் திரும்பிப் போய்விடுவார்.

பக்கத்தின் ஹெட் பகுதியில் போடலாம், சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களின் பட்டியல் கோப்பு) போடலாம், எச்டிடிபி ஹெடரிலும் போடலாம். ஒரு வழி போதும். விதிகள் சில உண்டு. ஒவ்வொரு பக்கமும் மற்ற வடிவங்களைச் சொல்வதோடு தன்னையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினால் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சொன்னால் கூகுள் கண்டுகொள்ளாமல் விடலாம். முகவரி முழுசாக, எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி இருக்க வேண்டும். மொழிக்கு ஐஎஸ்ஓ 639-1 குறியீடு, நாட்டையும் சேர்ப்பதாக இருந்தால் ஐஎஸ்ஓ 3166-1 குறியீடு. நாட்டை மட்டும் தனியாகப் போட முடியாது. பிரிட்டன் என்றால் யூகே என்று எழுதிவிடுகிறார்கள், அங்கே ஜிபி என்றுதான் வர வேண்டும். ஒரே ஊரில் தொழில் என்றால் நாட்டுக் குறியீடே தேவையில்லை, மொழி மட்டும் போதும். எந்த மொழிக்கும் பொருந்தாதவர்களுக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல 2013இல் வந்த எக்ஸ்-டிஃபால்ட் இருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் பெரிய தப்பு கேனோனிகல், அதாவது ஒரே மாதிரிப் பக்கங்களில் எது மூலம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு. எல்லா மொழிப் பக்கத்தின் கேனோனிகலையும் ஆங்கிலப் பக்கத்துக்குக் காட்டி வைத்திருப்பார்கள். 'என்னைச் சேர்க்காதே, அதைச் சேர்' என்று நீங்களே கூகுளிடம் சொல்கிறீர்கள். ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே கேனோனிகலாகக் காட்டட்டும். வேர்ட்பிரஸ் என்றால் பாலிலாங், டபிள்யூபிஎம்எல் போன்ற ப்ளகின்கள் இதையெல்லாம் தாமே செய்துவிடும், ஆனாலும் ஒருமுறை பக்கத்தின் மூலக் கோடைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். பிங் எச்ரெஃப்லாங்கைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதற்கு கன்டென்ட்-லாங்குவேஜ் என்ற மெட்டா குறிப்பையும் போடலாம்.

மொழி பல, தொழில் ஒன்று

தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று இரண்டு பிசினஸ் ப்ரொஃபைல் (கூகுள் மேப்ஸில் தெரியும் உங்கள் தொழிலின் பக்கம்) திறக்கலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம், ஓர் இடத்துக்கு ஒன்றுதான் என்பது கூகுளின் விதி, இரண்டையும் இழக்க வாய்ப்பு உண்டு. ப்ரொஃபைலில் பெயர் உங்கள் பெயர்ப் பலகையில் இருப்பது போலவே இருக்கட்டும், சேவையின் பெயரையும் ஊரையும் இரண்டு மொழியிலும் சேர்த்து நீட்டினால் அதுவும் விதிமீறல்.

தளத்தில் மொழி எதுவானாலும் போன் எண், முகவரி, வேலை நேரம் மூன்றும் எல்லாப் பக்கத்திலும் ஒத்துப்போக வேண்டும். தெருப் பெயரை ஒரு பக்கத்தில் ஒலிபெயர்த்து, இன்னொரு பக்கத்தில் அர்த்தம் பெயர்த்து எழுதிவிடும் ஆர்வசாலிகள் உண்டு. தெருப் பெயர் எப்போதும் ஒலிபெயர்ப்புதான். அதிலும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீமாவில் (விவரங்களைத் தேடுபொறிக்குப் புரியும் வடிவில் கோடில் எழுதும் முறை) லோக்கல்பிசினஸ் என்ற வகையைப் போடும்போது எல்லா மொழிப் பக்கத்திலும் ஒரே ஐடியைக் கொடுத்தால் இவை ஒரே தொழிலின் பக்கங்கள் என்று தெளிவாகும். மறு மொழியில் உள்ள பெயருக்கு ஆல்டர்நேட்நேம், பக்கத்தின் மொழிக்கு இன்லாங்குவேஜ், போனில் எந்த மொழியில் பேசலாம் என்பதற்கு அவைலபிள்லாங்குவேஜ் என்று ஏற்கெனவே இடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஒரே இடத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் பெயர் சேர்க்கலாம், இலவசம், பல செயலிகள் அந்த வரைபடத்தைத்தான் எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஆப்பிள் மேப்ஸையும் பிங் பிளேஸஸையும் அதே சூட்டோடு சரிசெய்துவிடுங்கள்.

ரிவ்யூவைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரிடம் கேட்கும்போது அவர் மொழியிலேயே கேளுங்கள், 'உங்களுக்கு வசதியான மொழியில் எழுதுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அவர் இயல்பாக எழுதும் சொற்களை நீங்கள் எந்தக் கருவியிலும் கண்டுபிடிக்க முடியாது. பதிலும் அதே மொழியில். இணைப்புகளுக்கும் இதுதான்: அந்த மொழிச் சமூகத்தின் சங்கங்கள், பள்ளிகள், உள்ளூர்ச் செய்தித் தளங்கள் உங்களைப் பற்றி எழுதினால் அந்த மொழிப் பக்கத்துக்கே இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், முகப்புக்கு வேண்டாம்.

பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மொழியிலும் ஒரே மாதிரிப் பக்கம் போட்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பத்து ஊர், மூன்று மொழி, முப்பது வெற்றுப் பக்கம். தேடலைப் பிடிப்பதற்கென்றே போடும் அந்த மாதிரிப் பக்கத்தைத்தான் கூகுள் டோர்வே என்று சொல்லி ஸ்பாமாகக் கருதுகிறது.

சரி, பலன் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி

சர்ச் கன்சோலின் செயல்திறன் பகுதியில் அந்த மொழி ஃபோல்டரை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். முன்பு அதில் எச்ரெஃப்லாங் பிழைகளைக் காட்டும் தனி அறிக்கை இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். இப்போது யூஆர்எல் சோதனையில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டு, கூகுளின் பட்டியலில் சேர்ந்து இன்டெக்ஸ் ஆகியிருக்கிறதா, கூகுள் எந்த கேனோனிகலைத் தேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். உங்கள் சொந்த போனில் தேடி ரேங்க் பார்க்காதீர்கள், நீங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தால் தூரம் பூஜ்யம், மேலே வராமல் எங்கே போகும்? தேடல் முகவரியில் எச்எல் (hl) என்ற அளவுருவில் மொழியையும் ஜிஎல் (gl) என்பதில் நாட்டையும் மாற்றிப் பார்க்கலாம். வேறு பேட்டையில் இருக்கும் ஒருவரை, போனின் மொழியை மாற்றிவிட்டுத் தேடச் சொல்வது இன்னும் நல்லது.

பார்க்க வேண்டிய வரிசை இப்படி: முதலில் தேடலில் தோன்றும் எண்ணிக்கை ஏறும், அப்புறம் கிளிக், அதற்குப் பிறகுதான் போன். தோன்றுவது ஏறியும் கிளிக் ஏறவில்லை என்றால் டைட்டிலையும் விவரணையையும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், வறட்டு மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறதா என்று உடனே சொல்லிவிடுவார். கிளிக் வருகிறது, போன் வரவில்லை என்றால் பெரும்பாலும் படிவமோ வாட்ஸ்அப் பதிலோ இன்னும் ஆங்கிலத்தில் இருக்கும். போன் வந்து, எடுக்கிறவருக்கு அந்த மொழி தெரியவில்லை என்றால் இதுவரை செய்தது எல்லாம் வீண். இரண்டாவது மொழியைத் தொடுவதற்கு முன் அதைப் பேசத் தெரிந்த ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.